நாய்ப்பெட்டி அலமாரி

கல்யாணமான முதல் வருஷம் நாங்கள் குடித்தனம் நடத்தியது ரயில் வண்டியில். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒதுக்குத் தண்டவாளத்தில், ரயிலின் வாலில் மாட்டுகிற, ஓடி ஓய்ந்த பழைய கார்டு வண்டி ஒன்று நின்றது. அதுதான் என் புகுந்த வீடு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ரிப்பேர் கோஷ்டியின் தச்சர். எங்காவது பாலம் ஆடினாலும் கரை சரிந்தாலும் என்ஜின் வந்து கோஷ்டியின் பெட்டிகளை வரிசையாக மாட்டி இழுத்துக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும். மற்ற ஆட்கள் பெட்டிக்கு எட்டுப் பேராகக் கிடந்தார்கள். கோஷ்டியில் பெண்சாதியோடு இருந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் கார்டு வண்டியை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாத்தனார் வீட்டில் பதினோரு பேருக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஏறி வந்து காலை நீட்டியபோது சொர்க்கமாகத்தான் இருந்தது.

அந்த வண்டியின் மூலையில் ஓர் அலமாரி. அலமாரி என்று சொல்கிறவள் நான் மட்டும்தான். துரைமார் பிரயாணம் போகும்போது அவர்களுடைய நாய்களை அடைத்துக் கொண்டுபோவதற்காகக் கட்டிய கூண்டு அது. மேலே ஒரு நாய், கீழே ஒரு நாய். இவர் நடுப்பலகையைப் பிடுங்கிவிட்டு, கம்பிக் கதவை எடுத்துப் பலகைக் கதவு போட்டார். அகலம் ஒன்றரை முழம், ஆழம் இரண்டு முழம், உயரம் என் தலைக்குக் கொஞ்சம் மேலே. நாய்ச் சங்கிலி மாட்டுகிற இரும்பு வளையம் மட்டும் சுவரை விட்டு வரமாட்டேன் என்றது.

எங்கள் சொத்து முழுவதும் அதற்குள்தான். உப்பு வேண்டுமென்றால் முதலில் குடையை எடுக்க வேண்டும். குடையை எடுத்தால் பாய்ச்சுருள் சரியும். அதை ஒரு தோளால் தாங்கிக்கொண்டே டிரங்குப் பெட்டியை இறக்கி, அதன்மேல் ஏறி நின்று, விறகுக் கட்டுக்குப் பின்னால் கையை விட்டால் உப்புச் சட்டி. அதற்குள் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்திருக்கும். எட்டு மாதமாக நாங்கள் ஒன்று உப்பில்லாமல் தின்றோம், இல்லாவிட்டால் தீய்ந்ததைத் தின்றோம். ஒரு நாள் இவர் கதவைத் திறந்த மாத்திரத்தில் குழவிக்கல் உருண்டு வந்து காலில் விழுந்தது. ஒற்றைக் காலில் வண்டியைச் சுற்றி ஆடிவிட்டு, "ரெண்டு நாயிங்க இதுக்குள்ள எப்டிமே சத்தம் போடாம இருந்துச்சிங்க?" என்று கேட்டார். சத்தம் போடாமல் இருந்ததாக யார் சொன்னது?

இது இப்படியே போயிருக்கும். செபமாலை மாதம் வந்து சேர்ந்தது.

ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் தெருவில் அக்டோபர் மாதம் முழுவதும் தேவமாதாவின் சுரூபம் ஒன்று கோயிலிலிருந்து புறப்பட்டு, நாளுக்கு ஒரு வீடாகத் தங்கும். காலைப் பூசை முடிந்ததும் ஒரு வீட்டிலிருந்து எடுத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். மாலையில் தெருவே அங்கே கூடி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லும். மாதா வந்து தங்கினால்தான் அது வீடு, அங்கே இருக்கிறவள் குடித்தனக்காரி. ஒண்டுக்குடித்தனம் இருக்கிறவளை ஒதுக்கமாட்டார்கள், கருவாடு விற்கிறவளை ஒதுக்கமாட்டார்கள், தெருவில் எல்லோரோடும் சண்டை போட்டவளைக்கூட ஒதுக்கமாட்டார்கள். என்னை ஒதுக்கினார்கள்.

சுரூபத்துக்குப் பொறுப்பு சபையம்மா. கோயிலில் பெண்கள் சபைக்குத் தலைவி என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் சபையம்மாதான். அவர் செபத்தைத் தொடங்கினால் யார்டில் என்ஜின் ஊதுவது காதில் விழாது, அப்படி ஒரு குரல். போய்க் கேட்டேன்.

"ரயிலு வண்டில எப்டிடீ மாதாவ வெக்கறது? இன்னிக்கி இங்க கீது, நாளைக்கு எங்கியோ? நீ புருசங்கூட பொட்டில தங்கிகீறே. அத்தப் போயி வூடுன்றியே."

"வண்டி எங்க போனாலும் நான் அதுக்குள்ளதானேக்கா கீறேன்?"

"நீ இருந்தா? மூட்டகூடத்தான் வண்டிக்குள்ள கீது."

எனக்குத் திகுதிகுவென்று எரிந்தது. கூட்டுகிறேன், கழுவுகிறேன், அடுப்பு மூட்டுகிறேன், விளக்கேற்றிச் செபம் சொல்கிறேன், புருஷனோடு சண்டைகூடப் போடுகிறேன். ஒரு வீட்டில் இன்னும் என்னதான் நடக்க வேண்டும்? திரும்பி வந்து இவரிடம் அழுதேன். மறுநாளும் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் போய் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன்காரி உள்ளே போக வேண்டும், நான் நகரவில்லை. தண்ணீர்க் குடத்தோடு அவர் மருமகள் நின்றாள், நகரவில்லை.

கடைசியில் சபையம்மா இறங்கி வந்தார். இறங்கி வந்தது போலத்தான் இருந்தது. "மாதாவுக்குன்னு தனி எடம் வோணும். கதவு போட்டு இருக்கணும். நாம குந்தினா நம்ம தலைக்கு மேல அவுங்க பாதம் இருக்கணும். கால நீட்டற பக்கம் ஆவாது. அடுப்புப் பொகை ஆவாது. சாமான் செட்டோட ஒண்ணா வெக்கறது ஆவவே ஆவாது. அப்டி ஒரு எடம் கீதா உன் வண்டில?"

"கீது" என்றேன்.

வாய் முந்திக்கொண்டுவிட்டது. நடந்து வரும்போதுதான் யோசித்தேன். கதவு போட்ட தனி இடம் என்று எங்கள் வண்டியில் இருந்தது நாய்ப்பெட்டி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகப் பேச்சு. கையில் இருந்தது மூன்று நாள். அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினோம். பரப்பி முடித்ததும் எங்களுக்கு நிற்க இடமில்லை. இருவரும் கீழே இறங்கித் தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டு எங்கள் குடித்தனத்தை வேடிக்கை பார்த்தோம்.

"இம்மாஞ் சாமானா நம்ம கைல கீது?" என்றார் இவர். ஒரு நிமிஷம் இருவருக்கும் பணக்காரத் திமிர்கூட வந்தது. பிறகு நடுத்தரையில் கிடந்த ஓட்டைச் சட்டியைப் பார்த்ததும் போய்விட்டது.

முதலில் அவர் யோசனை சொன்னார், நான் திட்டினேன். பிறகு நான் யோசனை சொன்னேன், அவர் திட்டினார். இரண்டாம் நாள்தான் வழிக்கு வந்தோம். கார்டு உட்காருகிற ஆசனம் உள்ளே காலியான பெட்டி என்பது எட்டு மாதமாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசி மூட்டை அதற்குள் போயிற்று. காசிமேட்டில் கழித்துப்போட்ட கிழிந்த வலையை வாங்கிவந்து கூரைக்குக் கீழே ஆணி அடித்துக் கட்டினார். பாய், தலையணை, துணிமணி எல்லாம் வலைக்குள். அண்ணாந்து பார்த்தால் இவருடைய கல்யாணச் சட்டை கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு தெரியும். கைபிரேக்குச் சக்கரத்தில் வெங்காயச் சரத்தையும் பூண்டுச் சரத்தையும் சுற்றினேன். வண்டியின் பின்சுவரில், உள்ளேயிருந்து கையெட்டுகிற இரண்டு விளக்குக் கூண்டுகள் விளக்கில்லாமல் கிடந்தன. சிவப்புக் கண்ணாடி வைத்ததில் மிளகாய், வெறும் கண்ணாடி வைத்ததில் உப்பு. வண்டிக்கு அடியில் சாக்கில் தொட்டில் கட்டி அதில் விறகைப் படுக்கவைத்தோம். டிரங்குப் பெட்டியை வாசலில் போட்டு ஏறுகிற படியாக்கினோம். எவ்வளவு முயன்றும் குடை மட்டும் எங்கேயும் அடங்கவில்லை. மழைக்காலம் ஆரம்பிக்கிற வாரத்தில் அதை நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினோம்.

அடி அம்மா! கையை நீட்டினால் உப்பு. திரும்பினால் வெங்காயம். எதையும் இறக்காமல், எதையும் தாங்கிப் பிடிக்காமல் ஒரு குழம்பு வைத்தேன். குழம்பு நன்றாக இருந்ததால் இவருக்குச் சந்தேகம் வந்து, நாத்தனார் வீட்டிலிருந்து வாங்கிவந்தாயா என்று கேட்டார்.

காலியான அலமாரிக்குச் சுண்ணாம்பு அடித்து நீலம் பூசினோம். நெஞ்சு உயரத்தில் இவர் ஒரு பலகை போட்டார். அந்த இரும்பு வளையத்தைச் சுற்றிக் காகிதப் பூ வைத்து மறைத்தேன். நாய் வாடை இருக்கிறதா என்று தலையை உள்ளே விட்டு மாறி மாறி முகர்ந்தோம். இருக்கிறது என்றார் அவர். இல்லை என்றேன் நான். சாம்பிராணி போட்டேன், அதோடு தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா வந்தார். தண்டவாளங்களைத் தாண்டித் தாண்டி, புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். டிரங்குப் பெட்டியில் ஏறி அங்கிருந்து வண்டிக்குள் ஏற வேண்டும். சபையம்மாவை முன்னாலிருந்து இரண்டு பேர் இழுக்க, பின்னாலிருந்து மூன்று பேர் தள்ளினார்கள். ஏறியதும் அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், "ஆடுமா?" என்று கேட்டார்.

"ஆடாது" என்று நான் சொல்லியிருந்தால் போதும். இவர் முந்திக்கொண்டு, "என்ஜினு வந்து இடிச்சாகூட ஆடாதும்மா, பாத்துக்கினே இரு" என்றார். இவர் தச்சர் அல்லவா, சொன்னதைக் காட்டியாக வேண்டும். பட்டறையிலிருந்து காய்ந்த மரத்துண்டுகளைக் கொண்டுவந்து, சுரூபத்தின் பீடத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, முன்னால் குறுக்குக் கட்டை கொடுத்து, சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கினார். சபையம்மா அசைத்துப் பார்த்தார். மாதா அசையவில்லை. அசைத்ததில் வண்டி லேசாக அசைந்தது.

மாலைச் செபத்தில் நான் அழுதேன். என் வீட்டில் முழங்கால் போட இடமில்லாமல் பாதிப் பேர் கீழே ஜல்லியில் நின்றார்கள். இதைவிட ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும்? போகும்போது ஆளுக்கு ஒரு கை தீர்த்தத்தை அலமாரிக்குள் அள்ளித் தெளித்தார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகுகிற இடம் சரியாக அலமாரிக்கு மேலே என்பதும் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காய்ந்த ஆப்பை அடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பாறையே பிளக்கும். இது தச்சனுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தவர்தான் அடித்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாதாவை எடுத்துப்போக வந்தார்கள். அவர் வரவில்லை. மரம் ஊதிப் பீடத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. இவர் இழுத்தார். நான் இவரை இழுத்தேன். சுத்தியை எடுத்தால் சாந்துச் சுரூபம் விரிசல் விட்டுவிடும் என்று சபையம்மா அலறினார். ரம்பத்தை எடுத்ததும், "மாதா பக்கத்துல ரம்பமா? கைய ஒடிச்சிருவேன்!" என்றார். மரம் தானாகக் காய்ந்தால்தான் உண்டு. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"தீர்த்தத்துல ஊறினதும்மா" என்றார் இவர், பணிவாக.

இந்த நேரத்தில்தானா என்ஜின் வரவேண்டும்! திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கத்தில் மழைத் தண்ணீர் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணை அரித்துவிட்டதாம், கோஷ்டி உடனே போக வேண்டுமாம். டமாரென்று வந்து மாட்டியது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இவர் சொன்னது மெய்தான், மாதா ஆடவில்லை. எறங்கு எறங்கு என்று கொடிக்காரர் கீழேயிருந்து கத்தினார்.

"மாதாவ வுட்டுட்டு நாங்க எறங்க மாட்டோம்!" என்று சபையம்மா வாசலை மறித்து நின்றார். அவர் இறங்காமல் வேறு யார் இறங்க முடியும்? வாசலே ஒன்றுதான். கொடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கி அவர் காலடியில் தள்ளிவிட்டுக் கொடியைக் காட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. என் வீட்டில் அப்போது இவரையும் சேர்த்துப் பதினைந்து பேர்.

தண்டையார்ப்பேட்டை போனது, திருவொற்றியூர் போனது. ரயில்வே கேட்டில் நின்றவர்கள், ரயிலுக்குள்ளிருந்து ஐம்பத்துமூன்று மணி செபம் போவதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வலைக்குள்ளிருந்து தலையணைகள் ஒவ்வொன்றாகச் செபத்தின் நடுவே விழுந்தன. ஒரு குலுக்கலில் காகிதப் பூ நழுவி, இரும்பு வளையம் பளிச்சென்று தெரிந்தது.

"இது இன்னாது வளையம்?" என்றார் சபையம்மா.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். மாதா நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாய் கட்றதுக்குக்கா" என்றேன். "இது நாய்ப்பொட்டி." மேலே ஒரு நாய், கீழே ஒரு நாய் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடிக்கு ரெடியாக நின்றேன்.

செபம் நின்றுபோயிற்று. சபையம்மா அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் அடித்த சுண்ணாம்பைப் பார்த்தார்.

"மாட்டுக் கொட்டாய்ல புள்ள பெத்தவங்கடீ அவுங்க" என்றார் கடைசியில். "நாய்ப்பொட்டில ஒரு நாளு இருக்கமாட்டாங்களா? நீ இன்னாத்துக்கு அழுவுறே? மூக்கத் தொட." விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்கிவிட்டார்.

எண்ணூருக்கு இப்பால், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். இவர் டிரங்குப் பெட்டியை மறுபடி வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு, மற்ற ஆண்களோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பதின்மூன்று பெண்களும் நடந்து திரும்ப வழியில்லை, மாதாவை விட்டுப் போகவும் மனசில்லை. பசி வேறு. "உப்பு எங்கடீ?" என்றார்கள், கையை நீட்டினேன். வெங்காயத்துக்குத் திரும்பினேன். ஒரு சட்டியைக்கூட இடம் மாற்றாமல் பதினான்கு பேருக்குச் சோறு பொங்கினேன். இரண்டு பேர் அண்ணாந்து வலையைப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார்கள். சபையம்மா அரிசிமேல் உட்கார்ந்திருப்பது தெரியாமல் அரிசி எங்கே என்று கேட்டு, எழுந்து பார்த்துவிட்டு, "அட!" என்றார். அந்த ஒரு 'அட' எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

மத்தியானம் வந்தது வினை. அரித்துப்போன இடத்தைக் கட்டுவதற்குத் திறந்த வண்டியில் சிமிட்டி மூட்டைகள் வந்தன. தார்ப்பாய் கிழிந்து மழை உள்ளே இறங்குகிறது. கோஷ்டிப் பெட்டிகளில் ஆளும் தட்டுமுட்டும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எங்கள் வண்டியை எட்டிப்பார்த்த எவனோ ஒருவன் போய், கார்டு வண்டியில் இடம் தாராளமாகக் கிடக்கிறது, ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிச் சொல்லிவிட்டான். பாவி! பழைய மாதிரி குப்பையாகவே வைத்திருந்தால் ஒருவனும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான்.

லைனுக்குப் பொறுப்பான துரை மழைக்கோட்டோடு வந்து நின்றார். முகமெல்லாம் சேறு. எரிச்சலில் இருந்தார், அவரையும் குறை சொல்ல முடியாது.

"பொம்பளைங்க எல்லாம் எறங்கு. சிமிட்டி ஏத்தணும். இனிமே இது ஸ்டோர் வண்டி. தச்சன் பொஞ்சாதி எங்கனா சொந்தக்காரங்க வூட்டுக்குப் போவட்டும்."

இவர் சற்றுத் தள்ளி இடுப்பளவு சேற்றில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வேலை போகும். எனக்கு மறுபடி நாத்தனார் வீடு, மறுபடி பதினோரு பேர், எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற புருஷன். அகப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

துரை டிரங்குப் பெட்டிமேல் பூட்ஸ் காலை வைத்தார்.

"காலை எடு தொரே!" என்று ஒரு குரல். யார்டு என்ஜினையே அடக்குகிற குரல் அது. துரை காலை எடுத்துவிட்டார். சபையம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "இன்னா நீ பாட்டுக்கு ஏறினுகீறே? வூடு தெரியல? சமைஞ்சினு கீது, சாமி கீது, ஆளுங்க துண்ணுகினு கீறோம். தோ நிக்கிறா பாரு வூட்டுக்காரி. அவள ஒரு வார்த்த கேளு. அவ வான்னு சொன்னா வா, இல்ல போ."

பதின்மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். துரையும் பார்த்தார். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த எட்டு மாதத்தில் கொடிக்காரர், கூலியாள், விளக்குக்காரர் என்று எத்தனை பேர் அந்த வண்டியில் ஏறியிருப்பார்கள்! நான் தலைவாரிக்கொண்டிருந்தாலும் ஏறினார்கள், தூங்கிக்கொண்டிருந்தாலும் ஏறினார்கள். ஒருவரும் கேட்டதில்லை.

"உள்ள வரலாமாம்மா?" என்றார் துரை.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து சோறு தின்றதும், மூட்டைகளைக் கோஷ்டிப் பெட்டிகளுக்குத் திருப்பிவிட்டதும், அதற்காக ஆண்கள் எங்களை ஒரு வாரம் திட்டியதும் எல்லாம் பிறகு நடந்தவை. அவர் கேட்ட அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. தரையெல்லாம் சோற்றுப் பருக்கையும் வெங்காயத் தோலுமாகக் கிடந்தது.

"கொஞ்சம் இருங்க தொரே" என்றேன். "கூட்டிட்டுக் கூப்புடறேன்."

துரை மழையில் நின்றார். நான் துடைப்பத்தை எடுத்து, அவசரப்படாமல், மூலை மூலையாகக் கூட்டினேன்.